இரண்டாவது ஆன்டிவைரஸ் வேண்டாம் அண்ணாச்சி

"தம்பி, வணக்கம். கோவில்பட்டியில் இருபது வருஷமாக ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர். முன்னால் இருப்பதில் விண்டோஸ் 11, உள்ளே இருப்பதில் விண்டோஸ் 10, மூலையில் கிடக்கும் பழைய பெட்டியில் விண்டோஸ் 7. பேஜ்மேக்கரில் செய்த கல்யாணப் பத்திரிகை எல்லாம் அந்தப் பழையதில்தான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருக்கிறது, பங்குனி வரை கெடு. போன மாதம் ஒரு காலேஜ் பையன் கொண்டுவந்த பென்டிரைவைச் செருகினேன், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிந்தது. புராஜெக்ட் போச்சு என்று பையன் அழாத குறை. ஆன்டிவைரஸ் வாயே திறக்கவில்லை. சிஸ்டம் விற்றவர் இன்னொரு ஆன்டிவைரஸும் சேர்த்துப் போடுங்கள் என்கிறார். தங்கை மகன் மால்வேர்பைட்ஸ் போதும் என்கிறான். யூடியூபில் வி.பி.என்., கிளீனர், ஆன்டி ரான்சம்வேர் என்று ஒரு மூட்டையே காட்டுகிறார்கள். பஜாரில் ஒருவர் 300 ரூபாய்க்கு லைஃப்டைம் கீ தருகிறேன் என்கிறார். 2,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். இருப்பதோடு எதைச் சேர்ப்பது?"

அண்ணாச்சி, வணக்கம். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் நிதானமாகப் படியுங்கள், கடைக்கு ஆள் வந்தால் பாதியில் வைத்துவிட்டும் போகலாம். இப்போது இருக்கும் ஆன்டிவைரஸ் அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் இன்னொரு முழு ஆன்டிவைரஸ் வேண்டாம். தங்கை மகன் சொன்ன மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பைப் போடலாம், ஆனால் ஒரு செட்டிங்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த 2,000 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் எப்போதிருந்து செக்யூரிட்டி சாஃப்ட்வேர் ஆனது என்று கேட்பீர்கள். அதற்கும் வருகிறேன்.

முதலில் அந்தப் பையன் விஷயம். அவனுடைய புராஜெக்ட் போகவில்லை, அநேகமாக அந்த பென்டிரைவுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஷார்ட்கட் வைரஸ் என்று நாம் சொல்கிறோமே, அது ஃபைல்களை அழிப்பதில்லை. ஃபோல்டர்களின் மேல் 'மறைந்தது', 'சிஸ்டம் ஃபைல்' என்று இரண்டு முத்திரை குத்தி ஒளித்து வைத்துவிட்டு, அதே பெயரில், அதே மஞ்சள் படத்தோடு ஒரு ஷார்ட்கட்டை வைத்துவிடும். நீங்கள் அதைக் கிளிக் செய்தால் பின்னால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடி உங்கள் கம்ப்யூட்டருக்குள் குடியேறும், கூடவே அசல் ஃபோல்டரையும் திறந்து காட்டிவிடும், அதனால் எதுவும் நடந்ததாகவே தெரியாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் போய், வியூ பக்கத்தில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். பலர் இதோடு நிறுத்திவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே 'பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறை' என்று ஒரு டிக் இருக்கும், அதையும் எடுக்க வேண்டும், விண்டோஸ் பயமுறுத்தி ஒரு கேள்வி கேட்கும், சரி என்று சொல்லுங்கள். இப்போது மங்கலாக அசல் ஃபோல்டர்கள் தெரியும். சில வகைகளில் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாவற்றையும் தள்ளி வைத்திருக்கும், அதையும் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் கம்ப்யூட்டரில் ஒரு புது ஃபோல்டருக்குக் காப்பி செய்துகொண்டு, ஒருமுறை ஸ்கேன் ஓட்டி, பென்டிரைவை ஃபார்மட் செய்து, ஃபைல்களை மறுபடி அதில் போட்டுக் கொடுத்தால் போதும். பையனின் நம்பர் இருந்தால் இன்றே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், பாவம். வேலை முடிந்ததும் அந்த டிக்கை மறுபடி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கடைப் பையன் தேவையில்லாத ஃபைல் என்று நினைத்து எதையாவது டெலீட் செய்துவைப்பான்.

ஆன்டிவைரஸ் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றால், அந்தப் பென்டிரைவ் உங்கள் கடையில் கெட்டதா, ஏற்கெனவே கெட்டுப்போய் வந்ததா என்பதே இன்னும் தெரியாது. வேறெங்கோ ஒளித்து வைக்கப்பட்ட ஃபோல்டர்களும் வெறும் ஷார்ட்கட்களும் மட்டும் வந்திருந்தால் அதில் கத்துவதற்கு ஒன்றுமில்லை, ஷார்ட்கட் என்பது விண்டோஸின் சொந்தச் சரக்கு. உங்கள் கம்ப்யூட்டர் சுத்தமா என்று பார்க்க ஒரு எளிய வழி சொல்கிறேன். காலியான ஒரு பென்டிரைவில் இரண்டு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பத்து நிமிடம் செருகி வையுங்கள். அவை ஷார்ட்கட்டாக மாறினால் வைரஸ் உங்கள் வீட்டில் இருக்கிறது. மாறாவிட்டால் அந்தப் பையனோடு வந்தது அவனோடே போய்விட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆன்டிவைரஸ் உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகத்துக்கும் மருந்து இருக்கிறது. ஐகார் டெஸ்ட் ஃபைல் என்று ஒன்று, 68 எழுத்துகள்தான், எந்தக் கெடுதலும் செய்யாது, ஆனால் உலகத்தில் உள்ள எல்லா ஆன்டிவைரஸும் அதைக் கண்டால் கத்த வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறார்கள். ஐகார் அமைப்பின் தளத்தில் இருந்து இறக்கிப் பாருங்கள். கத்தாவிட்டால் உங்கள் ஆன்டிவைரஸ் தூங்குகிறது, அல்லது யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள்.

சரி, இன்னொரு ஆன்டிவைரஸ் ஏன் வேண்டாம்? நானே அந்தத் தப்பைச் செய்தவன். தொழிலுக்கு வந்த புதிது, ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வைரஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். ஒன்று காப்பாற்றவில்லை, இரண்டாக இருந்தால் காப்பாற்றும் என்ற கணக்கில் இரண்டாவது ஒன்றையும் போட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில் சிஸ்டம் ஆன் ஆவதற்குள் அவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்களாம், டேலி திறப்பதற்குள் இரண்டாவது டீயும் ஆயிற்றாம். ஜூலை மாதம், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் நேரம். அந்தப் படியை நான் மறுபடி ஏறவே இல்லை.

நடப்பது இதுதான். ஒரு ஃபைல் திறக்கப்படும் அந்த நொடியிலேயே குறுக்கே நின்று பார்க்கும் வேலையை ஆன்டிவைரஸ் செய்கிறது, அதற்காக விண்டோஸின் அடிமட்டத்தில் டிரைவர் என்ற ஒரு சின்னப் புரோகிராமைச் செருகி வைத்திருக்கும். இரண்டு பேர் இருந்தால், முதலாமவர் ஸ்கேன் செய்ய ஃபைலைத் திறக்கிறார், யாரோ ஃபைலைத் திறக்கிறார்களே என்று இரண்டாமவர் வந்து நிற்கிறார். ஒருவர் பிடித்து அடைத்து வைத்த வைரஸை இன்னொருவர் புதிதாக வைரஸ் கண்டுபிடித்ததாகப் பிடிப்பார். ஒருவருடைய வைரஸ் பட்டியலையே இன்னொருவர் வைரஸ் என்று சொன்ன கதையெல்லாம் உண்டு. ஒரு உறையில் இரண்டு கத்தி. மைக்ரோசாஃப்ட்டுக்கே இது தெரியும், அதனால்தான் நீங்கள் வெளியில் இருந்து ஒரு ஆன்டிவைரஸ் போட்டவுடன் விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. உங்கள் முன் கம்ப்யூட்டரில் இப்போது அது ஒதுங்கித்தான் இருக்கும்.

ஒதுங்கியிருக்கிற அவரையே இரண்டாவது கருத்துச் சொல்ல அழைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் பக்கத்தில் கீழே பாருங்கள், மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் ஆப்ஷன்ஸ் என்று இருக்கும். அதற்குள் பீரியாடிக் ஸ்கேனிங் என்பதை ஆன் செய்தால், உங்கள் ஆன்டிவைரஸ் காவலில் இருக்கும்போதே டிஃபெண்டர் அவ்வப்போது வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போகும். வாசலில் நிற்காது, அதனால் சண்டை இல்லை. காசும் இல்லை. நீங்கள் கேட்ட 'கூடச் சேர்க்க வேண்டியது' என்ன என்றால் இதுதான் முதல் விடை. டவுன்லோடு செய்யக்கூட வேண்டாம்.

மால்வேர்பைட்ஸ் இரண்டாவது. இலவசப் பதிப்பு நீங்கள் சொன்னால்தான் ஸ்கேன் செய்யும், தானாக எதையும் தடுக்காது, அந்தக் குறைதான் நமக்கு இங்கே வசதி. ஆனால் போட்டவுடன் 14 நாள் பிரீமியம் சோதனை தானாகத் தொடங்கிவிடும், அந்த நாட்களில் அதுவும் வாசலில் வந்து நிற்கும். அந்தச் சோதனையை உடனே நிறுத்திவிடலாம். அல்லது செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில், விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரில் தன்னை எப்போதும் பதிவு செய்துகொள்ளும் ஆப்ஷனை அணைத்துவிடுங்கள். நான் சொன்ன செட்டிங் இதுதான் என்று தங்கை மகனிடம் காட்டுங்கள். வாரம் ஒருமுறை, கடை அடைக்கும் நேரத்தில் ஸ்கேனை ஓட்டிவிட்டு ஷட்டரை இழுங்கள். பிரவுசரில் தெரியாத தேடல் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது, திறந்தாலே விளம்பரம் வருகிறது என்கிற மாதிரித் தொல்லைகளுக்கு அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இருக்கிறது, இன்ஸ்டாலே செய்ய வேண்டாம், கிளிக் செய்தால் ஓடும். சந்தேகம் பலமாக இருக்கும் நாளில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கி ஓட்டுங்கள். அது பத்து நாளில் காலாவதியாகிவிடும், ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்க வேண்டும். மொத்தமும் இலவசம். ஆனால் எல்லாவற்றையும் அந்த அந்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் முதல் சுட்டியைக் கிளிக் செய்து, ஆன்டிவைரஸ் தேடப் போய் வைரஸை இறக்கியவர்கள் என்னிடம் வரிசையாக வந்திருக்கிறார்கள்.

ரான்சம்வேர் உங்கள் தொழிலுக்கு உண்மையான ஆபத்து. ஷார்ட்கட் வைரஸ் மாதிரி விளையாட்டு இல்லை, ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கும். விண்டோஸிலேயே இதற்கு ஒரு தடுப்பு 2017 முதல் இருக்கிறது, கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்று பெயர். நீங்கள் குறிப்பிட்ட ஃபோல்டர்களில், அனுமதி பெற்ற புரோகிராம்கள் மட்டும்தான் கை வைக்க முடியும். ஆனால் ஒரு சிக்கல், டிஃபெண்டர் முழு நேரக் காவலில் இருந்தால்தான் இது வேலை செய்யும், வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் இல்லை. ஆகவே உங்கள் ஆன்டிவைரஸிலேயே ரான்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதி இருக்கிறதா, இருந்தால் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுத்து வாங்கிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் திறந்து பார்க்காதவர்கள்தான் அதிகம். பென்டிரைவ் செருகியவுடன் ஸ்கேன் செய்யும் வசதியும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், உங்கள் கடைக்கு அது கண்டிப்பாக ஆன் ஆகியிருக்க வேண்டும்.

எந்த சாஃப்ட்வேரும் என்றாவது ஒருநாள் கோட்டைவிடும். அந்த நாளுக்காகத்தான் ஹார்ட் டிஸ்க் வாங்கச் சொன்னேன். இருபது வருஷத்துப் பத்திரிகை டிசைன், போஸ்டர், கண்ணீர் அஞ்சலி, ரேஷன் கடை அறிவிப்பு வரை உங்கள் கடையின் சொத்தே அந்த ஃபைல்கள்தான். பழைய பத்திரிகையைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அரை மணியில் கொடுக்கிறீர்களே, அது போனால் தை மாசம் முகூர்த்த சீசனில் என்ன செய்வீர்கள்? வாரம் ஒருமுறை காப்பி எடுங்கள், எடுத்ததும் வயரைக் கழற்றி மேசை டிராயரில் வையுங்கள். கழற்றுவதுதான் இதில் முக்கியம். எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப்பை ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். மிகவும் வேண்டிய ஃபைல்களை கூகுள் டிரைவிலும் போடலாம், 15 ஜிபி வரை இலவசம், பத்திரிகை ஃபைல்களுக்கு அது தாராளம்.

இப்போது நீங்கள் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்கிறேன். ஃபோட்டோஷாப் காசு கொடுத்து வாங்கியதா, கிராக்கா, அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பா? நான் போலீஸ் இல்லை, அண்ணாச்சி, டி.டி.பி. கடை நடத்துபவரின் வரவு செலவு எனக்கும் தெரியும். ஆனால் செக்யூரிட்டி பற்றிக் கேட்டீர்கள், அதனால் சொல்லாமல் விட முடியாது. ஸ்டாப் அல்லது டிஜேவியூ என்று ஒரு ரான்சம்வேர் குடும்பம் இருக்கிறது, பெரிய கம்பெனிகளை அது தேடிப் போகவில்லை, கிராக், கீஜென், ஆக்டிவேட்டர் தேடி வரும் சின்ன ஆட்களைத்தான் பிடித்தது. விண்டோஸ் அப்டேட் ஓடுவது போலப் பொய்யாக ஒரு திரையைக் காட்டிக்கொண்டே பின்னால் ஃபைல்களைப் பூட்டும். கேட்ட தொகை 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதி விலை என்று ஆடித் தள்ளுபடி வேறு. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019-இல் இலவசமாக ஒரு திறப்பான் கொடுத்தது, ஆனால் புதிய வகைகளில் பூட்டும்போது இணையத்தில் இருந்து தனிச் சாவி வாங்கிப் பூட்டியிருந்தால் அது கைகொடுக்காது. இதில் ஆன்டிவைரஸ் என்ன செய்தது என்றால், ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் கிராக்கோடு வரும் குறிப்பின் முதல் வரியே 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்றுதான் இருக்கும், நாமும் அணைத்துவிடுவோம். ஒன்றை அணைக்கிற கை இரண்டையும் அணைக்கும். பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோவுக்கு பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபியா இலவசம், ஃபோட்டோஷாப் ஃபைலையே திறக்கும். ஒரு வாரம் கையைப் பழக்கிப் பாருங்கள்.

கடையில் உதவிக்கு ஆள் இருந்தால் அவருக்கு அட்மின் அனுமதி இல்லாத சாதாரண யூசர் கணக்கு ஒன்று தனியாகப் போட்டுக் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும். எதையாவது இன்ஸ்டால் செய்ய வேண்டுமென்றால் அவர் உங்களைக் கூப்பிட வேண்டும், அந்தக் கூப்பிடும் நேரத்தில் பாதி வைரஸ் நின்றுவிடும்.

பிரவுசர் பற்றிக் கொஞ்சம். தமிழ் ஃபாண்ட், பி.டி.எஃப்.-ஐ வேர்டாக மாற்றுவது என்று நம் தொழிலில் நாள் முழுக்கத் தேடுவதெல்லாம், பக்கத்துக்கு நான்கு பொய் டவுன்லோடு பட்டன் இருக்கும் தளங்களில்தான். யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச விளம்பரத் தடுப்பானைப் போட்டால் அந்தப் பட்டன்களில் பெரும்பாலானவை கண்ணிலேயே படாது. ஃபயர்ஃபாக்ஸில் முழுப் பதிப்பு வேலை செய்கிறது, குரோமில் இப்போது லைட் பதிப்புதான், அதுவும் பரவாயில்லை. பெயரைச் சரியாகப் பார்த்துப் போடுங்கள், ஆரிஜின் என்ற சொல் இல்லாத வெறும் யூபிளாக் வேறு ஆள். இன்னொன்று, திரையின் வலது மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்' என்று அடிக்கடி வருகிறதா? என் கடைக்கு வைரஸ் என்று வரும் கம்ப்யூட்டர்களில் நிறைய இதுதான். அது வைரஸே இல்லை, ஏதோ ஒரு தளத்தில் நோட்டிஃபிகேஷனுக்கு 'அலவ்' கொடுத்திருப்பீர்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலுக்குப் போய் தெரியாத பெயர்களை நீக்கினால் முடிந்தது. இதற்கு ஐநூறு ரூபாய் வாங்கும் சர்வீஸ் ஆட்களும் இருக்கிறார்கள், நான் யாரையும் சொல்லவில்லை.

யூடியூப் மூட்டையில், இணையத்தில் நாம் போய்வருவதை மறைக்கும் வி.பி.என். உங்களுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பென்டிரைவில் வரும் வைரஸை வி.பி.என். பார்க்கக்கூடப் பார்க்காது. கிளீனர் கம்ப்யூட்டரை வேகமாக்கும் என்பார்கள், நான் கண்ட வேகம் ஒன்றுமில்லை, ஆனால் ஆபத்து கண்டிருக்கிறோம். 2017 ஆகஸ்டில் வெளியான சிகிளீனர் 5.33 பதிப்புக்குள்ளேயே திருடர்கள் புகுந்து தங்கள் சரக்கைச் சேர்த்துவிட்டார்கள், ஒரு மாதம் போல யாருக்கும் தெரியவில்லை, அதற்குள் ஏறத்தாழ 22 லட்சம் பேரின் கம்ப்யூட்டரில் அது ஏறிவிட்டது. எல்லோரும் அதிகாரபூர்வமான பதிப்பைத்தான் போட்டார்கள், ஒருவரும் கிராக் போடவில்லை. பாதுகாப்புக்கு என்று நீங்கள் போடுகிற ஒவ்வொரு சாஃப்ட்வேரும் கம்ப்யூட்டருக்குள் வர இன்னொரு கதவுதான். தேவையில்லாத கதவு எதற்கு?

உள்ளே இருக்கும் விண்டோஸ் 10-க்கு வருவோம். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும், செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான வழி தெரியும். ஆன்டிவைரஸ்தான் தினமும் அப்டேட் ஆகிறதே, விண்டோஸ் அப்டேட் எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2017 மே 12-ஆம் தேதி வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது யாரும் எதையும் கிளிக் செய்யவில்லை, விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரில் இருந்து அடுத்ததுக்கு அதுவாகவே தாவியது, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே நின்றுபோயின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே கொடுத்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

மூலையில் இருக்கும் விண்டோஸ் 7 பெட்டிக்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001-இல், அதற்கு மேல் புதுப் பதிப்பே வரவில்லை, அதைவிட்டால் அந்தப் பழைய பத்திரிகைகளைத் திறக்க உங்களுக்கு வேறு சுலபமான வழியும் இல்லை, தெரியும். அதைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். ஆனால் நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபை இருந்தால் அணைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் பென்டிரைவ் எதுவும் அதில் ஏறவே கூடாது. அதற்கென்று ஒரு பென்டிரைவை, சிவப்பு நூல் கட்டி, கடைக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், முன் கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்த ஃபைல் மட்டும் அதன் வழியாக உள்ளே போகட்டும். நெட் இல்லாத பெட்டிக்கு ஆன்டிவைரஸ் தேடி அலைவதைவிட இந்தச் சிவப்பு நூல் உதவும். பேக்கப் எடுக்கும்போது முதலில் எடுக்க வேண்டியதும் இந்தப் பெட்டியைத்தான், ஹார்ட் டிஸ்க் எந்த நாளும் கையை விரிக்கும் வயசு அதற்கு.

பென்டிரைவுக்குப் பதில் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது இப்போது எல்லாக் கடையிலும் வழக்கமாகிவிட்டது, நல்லதுதான், பி.டி.எஃப்., படம் மட்டும் வாங்குங்கள், ஜிப் ஃபைல் வந்தால் திறக்கும் முன் யோசியுங்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஃபைல் பெயரின் வால் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள், பி.டி.எஃப். படத்தோடு வந்து பெயரின் கடைசியில் இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது பி.டி.எஃப். இல்லை. சந்தேகமான ஃபைலை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் எழுபது ஆன்டிவைரஸ் வரை ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும், இரண்டாவது கருத்து என்ன, எழுபதாவது கருத்து வரை கிடைக்கும். ஆனால் அங்கே ஏற்றும் ஃபைல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கைக்கும் போகும், ஆகவே வாடிக்கையாளரின் ஆதார், பத்திரம், பாங்க் பாஸ்புக் மாதிரி எதையும் தவறியும் அங்கே ஏற்றாதீர்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை இப்போதே ஒருமுறை திறந்து பாருங்களேன். மூன்று வருஷத்து ஆதார் எல்லாம் அங்கே கிடக்கும். உங்கள் கம்ப்யூட்டரில் திருடன் நுழைந்தால் எடுத்துப் போவது உங்கள் சொத்து மட்டும் இல்லை. கடை அடைக்கும் முன் அந்த ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்வதை விளக்கேற்றுவது மாதிரி வழக்கமாக்கிக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் வெப்பில் யாராவது தங்கள் கணக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தால் அதையும் லாக் அவுட் செய்துவிடுங்கள்.

அந்த 300 ரூபாய் லைஃப்டைம் கீ வேண்டாம். ஆன்டிவைரஸ் வருஷக் கணக்கில் விற்கிற சரக்கு, 300 ரூபாய்க்கு ஆயுள் முழுக்க யாரும் தர மாட்டார்கள். பல பேருக்கு விற்ற ஒரே கீயாக இருக்கும், நிறுவனம் கண்டுபிடித்து முடக்கும் நாள் வரை ஓடும், முடங்கியதும் உங்களுக்குத் தெரியாது. பங்குனியில் உங்கள் கெடு முடியும்போது புதுப்பிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டால், விண்டோஸ் 11 கம்ப்யூட்டருக்கு வேண்டியதில்லை என்பேன். பழைய ஆன்டிவைரஸை முறையாக அன்இன்ஸ்டால் செய்தால் டிஃபெண்டர் தானாகக் காவலுக்கு வந்துவிடும், நான் சொன்ன கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸும் அப்போது கைக்கு வரும். அதை ஆன் செய்த முதல் இரண்டு நாள், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சில புரோகிராம்களே சேவ் ஆகாமல் மக்கர் செய்யலாம், பயப்படாமல் அனுமதிப் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். முகூர்த்தச் சீசனில் இந்த வேலையைத் தொடாதீர்கள், கடை கொஞ்சம் காற்றாடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை மகனையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள்.